பிள்ளைக்கு எல்லா தடுப்பூசியும் போட்டாச்சுன்னு சொல்றீங்க, கார்டுல ஹெபடைடிஸ் பி (கல்லீரலை தாக்கற வைரஸ், ஒரு வகை மஞ்சக்காமாலை) கட்டத்தை பாத்தீங்களா?

போன மாசம் அக்கா பொண்ணுக்கு நர்சிங் காலேஜ்ல சீட் கிடைச்சுது, ஹெபடைடிஸ் பி ஊசி போட்டதுக்கு ப்ரூஃப் கேட்டாங்க. அக்கா "சின்னதுலயே எல்லாம் போட்டாச்சு"ன்னு அடிச்சு சொல்லுது, சரின்னு கோத்தகிரி வீட்டு பீரோவுல இருந்து பழைய கார்டை எடுத்து விரிச்சா டிபிடி (தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னிக்கு போடறது) மூணும் தேதியோட அழகா இருக்கு, ஹெப் பி வரிசையில ஒரே ஒரு தேதி, மீதி கட்டம் காலி.

இந்த தப்பு நிறைய வீட்டுல இருக்குங்க. இப்ப குழந்தைங்களுக்கு 6, 10, 14 வாரத்துல போடற பென்டாவேலன்ட்ங்கற அஞ்சு நோய்க்கான ஒரே ஊசியிலயே ஹெப் பி சேர்ந்து வந்துடுது, ஆனா அது நம்ம தமிழ்நாட்டுல அரசு திட்டத்துல வந்ததே 2011 டிசம்பர்லதான். அதுக்கு முன்னாடி பொறந்த பிள்ளைங்களுக்கு டிபிடி தனி, ஹெப் பி தனி, ஒண்ணு போட்டதால இன்னொண்ணும் போட்டாச்சுன்னு அர்த்தமில்ல. ஸ்கூல்ல 10 வயசுலயும் 16 வயசுலயும் போடறாங்களே, அது டிடி, ரணஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்கும் மட்டும், அதுல ஹெப் பி கிடையவே கிடையாது.

விட்டுப்போச்சுன்னா மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கணுமான்னு பயந்தே பலபேரு போறதில்ல. தேவையில்லைங்க. ஒண்ணு போட்டு பத்து வருஷம் ஆனாலும் அது கணக்குல இருக்கு, மீதி ரெண்டை போட்டா போதும், அந்த ரெண்டுக்கும் நடுவுல எட்டு வாரமாவது விடணும். ஒண்ணுமே போடாத பிள்ளைன்னா இன்னைக்கு ஒண்ணு, ஒரு மாசத்துல ஒண்ணு, ஆறாவது மாசம் ஒண்ணு. ரெண்டு போட்டதும் "போதும்"னு மூணாவதை மறக்கறதுதான் அதிகம் நடக்குது.

அடுத்தது பிறந்த உடனே போடற ஊசி. "பச்சை உடம்பு, இப்ப எதுக்கு, புதன்கிழமை ஹெல்த் சென்டர்ல போட்டுக்கலாம்"னு பாட்டிமாரு சொல்வாங்க, நாமளும் தலையாட்டுவோம். 24 மணி நேரத்துக்குள்ளன்னு சொல்றது சும்மா இல்லைங்க. அம்மா உடம்புல வைரஸ் இருந்தா பிரசவ நேரத்துலயே குழந்தைக்கு தொத்திக்கும், அப்படி தொத்துற குழந்தைங்கள்ல நூத்துக்கு தொண்ணூறு பேருக்கு அது ஆயுசுக்கும் கல்லீரல்லயே தங்கிடும், பெரியவங்களுக்கு தொத்தினா நூத்துக்கு அஞ்சு பேருக்கும் கம்மியாதான் தங்கும். தங்கினது வருஷக்கணக்கா சத்தமில்லாம கிடந்து பின்னாடி சிரோசிஸ் (கல்லீரல் தழும்பாகி கெட்டிப்படறது), கேன்சர்னு வரும். கர்ப்பத்துல எடுத்த டெஸ்ட்ல பாசிட்டிவ்னு வந்துருந்தா மாமியாருக்கு தெரியக்கூடாதுன்னு டாக்டர்கிட்டயே மறைக்காதீங்க, குழந்தைக்கு 12 மணி நேரத்துக்குள்ள இம்யூனோகுளோபுலின்னு ரெடிமேடா எதிர்ப்பு சக்தி குடுக்கற இன்னொரு ஊசியும் சேர்த்து இன்னொரு தொடையில போடணும். தாய்ப்பால் தாராளமா குடுக்கலாம்.

நம்ம நீலகிரி மலைக்குன்னே ஒரு சிக்கல் இருக்கு, பிரசவத்துக்கு கீழ கோயமுத்தூர், மேட்டுப்பாளையம்னு போறோம், மீதி ஊசி மேல வந்து போடறோம். பிறந்தப்ப போட்டது டிஸ்சார்ஜ் சம்மரியில மட்டும் இருக்கும், கார்டுல ஏறியிருக்காது. அந்த பேப்பரை தூக்கி போடாம நர்சம்மாகிட்ட காட்டி எழுதி வாங்கிடுங்க.

இப்ப எங்க மாமா பண்ணின கூத்து. பொண்ணுக்கு ஊசி கீழ விலை கம்மின்னு மேட்டுப்பாளையத்துல வாங்கிட்டு வந்து, கெட்டுப்போகாம இருக்கட்டும்னு ராத்திரி ஃப்ரீசர்ல வச்சுட்டாரு. காலையில உருகி பாக்க நல்லாதான் இருந்துச்சு, கிளினிக் சிஸ்டர் கதையை கேட்டுட்டு குலுக்கி ஜன்னல் வெளிச்சத்துல புடிச்சாங்க. சாதாரணமா பால் கலந்த தண்ணி மாதிரி ஒரே சீரா கலங்கி நிக்கணும், இது திரிஞ்ச பால் மாதிரி திப்பி திப்பியா அடியில இறங்குது. தூக்கி போடுங்கன்னுட்டாங்க. இந்த ஊசிக்கு 2ல இருந்து 8 டிகிரி, உறைஞ்சா மருந்து செத்துடும், அப்புறம் உருகினாலும் பிரயோஜனமில்ல. எஸ்டேட் லைனுக்கு ஊசி கொண்டு போற சிஸ்டருங்க கூட ஐஸ் பேக்கை எடுத்ததும் வைக்க மாட்டாங்க, வேர்த்து உள்ள தண்ணி சலசலன்னு ஆடற வரைக்கும் வெளிய வச்சுட்டுதான் பெட்டியில அடுக்குவாங்க. டிசம்பர் ஜனவரியில ஊட்டி பக்கத்துல தலைக்குந்தா புல்லுல உறைபனி கிடக்கறப்ப "இந்த குளிருக்கு ஃப்ரிட்ஜ் எதுக்கு"ன்னு வெளிய வைக்கறதும் இதே கதைதான். குன்னூர்ல 1907ல இருந்து தடுப்பூசிக்குன்னே பாஸ்டர் இன்ஸ்டிடியூட் இருக்கு, நாம ஊசியை ஃப்ரீசர்ல மீனோட வைக்கறோம்!

மெடிக்கல்ல போய் "மஞ்சக்காமாலை ஊசி"ன்னு மொட்டையா கேக்காதீங்க, ஏ வேற, பி வேற. ஏ தண்ணி, சாப்பாடு வழியா வரும், பி ரத்தம் வழியா, ஒரே பிளேடு, சுத்தமில்லாத காது குத்தற ஊசி, டாட்டூன்னு வரும். கீழாநெல்லி அரைச்சு குடிச்சா பி வராதுன்னு நம்பிட்டு ஊசியை விட்டுடாதீங்க. லேசா சளி இருந்தா தள்ளிப்போட வேண்டாம். பெரிய பிள்ளைங்களுக்கு தோள்ல போடணும், இடுப்புல போட்டா சரியா வேலை செய்யாது.

அக்கா பொண்ணு ரெண்டாவதை போட்டுகிட்டா, மூணாவதுக்கு போன்ல அலாரம் வச்சிருக்கா. நர்சிங்ங்கறதால அது முடிஞ்சு ஒண்ணு ரெண்டு மாசத்துல எதிர்ப்பு சக்தி வந்துருக்கான்னு பாக்கற ஆன்டிபாடி டெஸ்ட்டும் எடுக்கணும், ரிப்போர்ட்ல 10 mIU/mL ஆவது இருக்கணுமாம். மத்த பிள்ளைங்களுக்கு பொதுவா அந்த செலவு வேண்டாம்.