ஊட்டிக்கு நாலு பேர், ரெண்டு பெட்டி: பேக்கிங் கியூப்ல துணி அடுக்குறது எப்படி

மேட்டுப்பாளையம் ஸ்டேஷன், காலைல ஆறரை மணி இருக்கும். நீலகிரி எக்ஸ்பிரஸ்லேந்து எறங்கி மலை ரயிலுக்காக நிக்கிறோம், சின்னவனுக்குக் குளிருதுன்னு ஒரே அழுகை. ஸ்வெட்டர் எங்கன்னு பாத்தா பெரிய பெட்டியோட அடி மட்டத்துல. வேற வழியில்லாம பிளாட்பாரத்துலயே பெட்டியைத் தொறந்தேன், மேல நைட்டி, அதுக்குக் கீழ முறுக்கு பாக்கெட், அதுக்கும் கீழ என் உள்பாவாடை, ஒவ்வொண்ணா வெளிய வருது, பக்கத்துல டீ குடிச்சிட்டு இருந்தவர் நாகரிகமா வேற பக்கம் திரும்பிக்கிட்டாரு. ஸ்வெட்டர் கெடைக்கிறதுக்கும் வண்டில ஏறச் சொல்றதுக்கும் சரியா இருந்துச்சு. பெட்டி மூடவே இல்ல, எங்க வீட்டுக்காரர் அது மேல ஏறி உக்காந்து ஜிப் போட்டாரு.

அடுத்த தடவை கியூப் வாங்கிட்டுத்தான் கிளம்பினேன். இப்போ எங்க போனாலும் அதுதான்.

கியூப்னா பெருசா ஒண்ணும் இல்ல, ஜிப் வச்ச செவ்வகத் துணிப்பை, மேல் பக்கம் கொசுவலை மாதிரி மெஷ் இருக்கும், உள்ள என்ன இருக்குன்னு தெரியும். பெட்டிங்கிறது பீரோன்னா இது அதுக்குள்ள இருக்கிற டிராயர். நிறைய பேர் இதை இடம் மிச்சமாகும்னு வாங்குறாங்க, கொஞ்சம் மிச்சமாகும்தான், ஆனா அதுக்காக மட்டும்னா வாங்காதீங்க. எந்த நேரத்துல எது வேணுமோ அதை மட்டும் வெளிய எடுத்து, மத்ததைக் கலைக்காம பெட்டியை மூட முடியுது பாருங்க, அதுக்குத்தான் இது.

முதல்ல அளவு எடுங்க

கியூப் வாங்குறதுக்கு முன்னாடி உங்க பெட்டியோட உள்பக்கத்தை அளந்துக்கோங்க. வெளி அளவு வேற, உள் அளவு வேற. விமானத்துல கையில கொண்டு போற 55 செமீ ட்ராலின்னா சக்கரம், கைப்பிடிக் கம்பி எல்லாம் போக உள்ள கணிசமா குறையும், அடில கம்பி ஓடுற எடம் வேற மேடு பள்ளமா இருக்கும். நான் பண்றது என்னன்னா, பழைய பேப்பரை பெட்டி அடி அளவுக்கு வெட்டி தரையில விரிச்சு, அது மேல ஸ்கேல் வச்சு கட்டம் போட்டுப் பாப்பேன். பெரிய கியூப் ஒண்ணு, நடுத்தரம் ரெண்டு எப்படி உக்காருதுன்னு அதுலயே தெரிஞ்சுடும். செட்டா வாங்கினதுல பெரிய கியூப் ரெண்டு செமீ அதிகமா இருந்து பெட்டிக்குள்ள வளைஞ்சு நிக்கிற கொடுமைய ஒரு தடவை அனுபவிச்சவங்களுக்குத் தெரியும்.

வாங்கும்போது ஜிப்பைப் பாருங்க, ரெண்டு பக்கத்துலேந்தும் இழுக்கிற மாதிரி ரெட்டை ஜிப் இருந்தா நல்லது. ஓரத்துல பைப்பிங் வச்சுத் தைச்சிருந்தா கியூப் தன் வடிவத்துல நிக்கும், இல்லன்னா சாக்கு மாதிரி தொவண்டு போகும். காசு செலவு பண்ண மனசு இல்லையா, புது பெட்ஷீட், போர்வை வாங்கும்போது ஒரு ட்ரான்ஸ்பரன்ட் ஜிப் கவர் வருமே, அதைத் தூக்கிப் போடாம வச்சிருங்க, பழகிப் பாக்க அதுவே போதும். என்ன, காத்து போகாது, ஈரத்துணி வச்சா நாத்தம் வந்துடும். எங்க அத்தை பழைய காட்டன் வேட்டியில தெரு முனை தையக்காரர்கிட்ட நாலு பை தைச்சு வாங்கிட்டாங்க, இன்னிக்கு வரைக்கும் அதுதான் ஓடுது.

ஆளுக்கு ஒரு கலர்

இதுலதான் நிறைய பேர் தப்பு பண்றாங்க. வீடியோல எல்லாம் பாத்தீங்கன்னா சட்டை ஒரு கியூப், பேன்ட் ஒரு கியூப், உள்ளாடை ஒரு கியூப்னு பிரிச்சு வைப்பாங்க. தனியாப் போறவங்களுக்கு அது சரி. குடும்பமாப் போனா ஒருத்தர் குளிக்கப் போகணும்னா மூணு கியூப் தொறக்கணும், அதே பிளாட்பாரக் கதைதான். அதனால ஆளுக்கு ஒரு கலர், அவங்க துணி மொத்தமும் அதுக்குள்ள. எங்க வீட்ல பெரியவளுக்கு மஞ்சள், சின்னவனுக்கு நீலம், அவருக்கு சாம்பல், எனக்கு மெரூன். "அம்மா என் டீஷர்ட் எங்க"ன்னு கேட்டா "உன் மஞ்சள்ல"ன்னு ஒரே பதில், எந்திரிக்கவே வேணாம்.

இது போக பொதுவா மூணு கியூப். ராத்திரி ரயிலுக்கு ஒண்ணு, குளிர் துணிக்கு ஒண்ணு, அழுக்குக்கு ஒண்ணு காலியா. ஆக மொத்தம் ஏழு.

துணியை எடுத்து வைக்கிறது

எல்லாரோட துணியையும் கட்டில் மேல பரப்புங்க. நாலு நாள் பயணத்துக்கு ஆளுக்கு நாலு செட், ஒண்ணு அவசரத்துக்கு. அவ்ளோதான். "அங்க போட்டோ எடுக்கணும்ல"ன்னு நாலு எக்ஸ்ட்ரா வந்து உக்காரும், ஊட்டில எப்படியும் மேல ஒரு ஸ்வெட்டர் இருக்கப் போகுது, உள்ள என்ன போட்டீங்கன்னு யாருக்குத் தெரியப் போகுது?

சுருட்டுறதா மடிக்கிறதான்னு கேப்பாங்க. டீஷர்ட், லெக்கிங்ஸ், பசங்க துணி, நைட்டி எல்லாம் சுருட்டலாம். டீஷர்ட்டை விரிச்சு, கீழ் விளிம்பை ஒரு அரைச் சாண் அளவுக்கு வெளிப்பக்கமா மடிச்சு விடுங்க. அப்புறம் ரெண்டு பக்கத்தையும் நடுவுக்குக் கொண்டு வாங்க, கையையும் சேத்து, இப்போ நீளமா ஒரு பட்டை மாதிரி இருக்கும். கழுத்துலேந்து பாய் சுருட்டுற மாதிரி இறுக்கிச் சுருட்டிக்கிட்டே கீழ வாங்க, கடைசில அந்த மடிச்சு விட்ட விளிம்பை சுருளு மேல தலைகாணி உறை போடுற மாதிரி கவுத்து விட்டா சரி, தூக்கிப் போட்டாலும் அவுறாது. பத்து தடவை செஞ்சா கை பழகிடும், எங்க பெரியவ என்னை விட வேகமாச் செய்றா.

ஜீன்ஸைச் சுருட்டாதீங்க, கட்டை மாதிரி ஆயிடும், தட்டையா மடிச்சு கியூப்போட அடில போடுங்க. அயர்ன் பண்ண சட்டையும் மடிப்புதான். சுருளையெல்லாம் படுக்கவிட்டு அடுக்காம புத்தக அலமாரி மாதிரி நிக்க வச்சா ஜிப் தொறந்ததும் எல்லாமே ஒரே பார்வைல தெரியும், ஒண்ணை உருவினா இன்னொண்ணு சரியாது.

பட்டுப்புடவை கொண்டு போறீங்கன்னா (ஊட்டிக்கு எதுக்குன்னு கேக்காதீங்க, வழில கோயம்புத்தூர்ல ஒரு கல்யாணம் வரும்) அதைச் சுருட்டவும் வேணாம், அழுத்தவும் வேணாம். சரிகை மடிப்புல அழுந்தி அழுந்தித்தான் விட்டுப் போகுது. பழைய காட்டன் துணியில சுத்தி, தட்டையா, பெரிய கியூப்ல எல்லாத்துக்கும் மேல. கூடவே அதுக்கான ஜாக்கெட், உள்பாவாடை, சேஃப்டி பின் பாக்கெட், எல்லாம் அதே பொட்டலத்துலயே. புடவை ஒரு பெட்டி, ஜாக்கெட் ஒரு பெட்டின்னு போய் நின்ன அனுபவம் எத்தனை பேருக்கு இருக்குன்னு எனக்குத் தெரியும்.

கம்ப்ரஷன் கியூப் பத்தி

ரெண்டாவதா ஒரு ஜிப் சுத்தி இருக்கும், அதை இழுத்தா பை பாதி உயரத்துக்கு அமுங்கும். ஸ்வெட்டர், குல்லா, ஷால் மாதிரி காத்து நெறஞ்ச துணிக்கு அருமையா வேலை செய்யும். ஜீன்ஸுக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல, அதுக்குள்ள அமுக்க காத்தே இல்லையே. ஒண்ணு மட்டும் மறக்காதீங்க, இடம்தான் குறையும், எடை குறையாது. இடம் இருக்கேன்னு இன்னும் நாலு திணிப்போம், பெட்டி அம்மிக்கல்லு மாதிரி ஆயிடும். ரயில்ல ஸ்லீப்பர்ல, மூணாம் ஏசில ஆளுக்கு 40 கிலோ வரைக்கும் இலவசம், பிரச்சினை இல்ல. விமானம்னா உள்நாட்டுல கைப்பை பொதுவா 7 கிலோ, அங்க கியூப்போட எடையும் சேரும். எங்க ஏழு கியூபையும் காலியா சமையல்கட்டுத் தராசுல வச்சப்போ அரைக் கிலோவைத் தாண்டிடுச்சு.

பெட்டிக்குள்ள எந்த வரிசை

எதை முதல்ல எடுப்பீங்களோ அது கடைசில உள்ள போகணும். சென்னைல வேர்த்துக் கொட்டிட்டு பேக் பண்றப்போ ஸ்வெட்டரை அடில போடத்தான் தோணும், நானும் அப்படித்தான் போட்டேன். ஆனா பயணத்தை யோசிச்சுப் பாருங்க. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்துலேந்து 325 மீட்டர், ஊட்டி ஸ்டேஷன் 2,200 மீட்டர், 46 கிலோமீட்டர் தூரத்துக்குள்ள அவ்ளோ ஏறுது. குன்னூர் வரும்போதே ஜன்னலை மூடச் சொல்லுவாங்க. மலை ரயில்ல பெட்டி வைக்க இடமும் கம்மி, அங்க வச்சுத் தொறக்கவே முடியாது. அதனால ரயில் கியூபும் குளிர் கியூபும் பெட்டிக்குள்ளயே போகக்கூடாது, தோள்ல மாட்டுற பைக்குள்ள.

ரயில் கியூப்ல என் நைட்டி, அவர் லுங்கி, பசங்களுக்கு ஒரு செட், பிரஷ், பேஸ்ட், ஒரு டவல். ராத்திரி பெர்த் போட்டதும் அதை மட்டும் எடுத்துக்கிட்டா பெட்டி கீழ சீட்டுக்கு அடில சங்கிலி போட்டுப் பூட்டினபடியே கெடக்கும், விடியற வரைக்கும் தொட வேணாம்.

ட்ராலியை நிமித்தி நிக்க வச்சா எது அடிப்பக்கமோ, அதாவது சக்கரம் இருக்கிற பக்கம், அங்க கனமான கியூப் வரணும். மேல கனம் இருந்தா கையை விட்டதும் குப்புற விழும். கியூபுக்கு நடுவுல விழுற சந்துல சாக்ஸ், சார்ஜர். பவர் பேங்க் மட்டும் விமானம்னா பெட்டில போடக்கூடாது, கையில இருக்கிற பைலதான் வச்சுக்கணும். அப்புறம் நீலகிரில பிளாஸ்டிக் தண்ணி பாட்டிலுக்குத் தடை இருக்கு, ஆளுக்கு ஒரு ஸ்டீல் பாட்டில் போகும், அதுக்கு பக்கத்துப் பாக்கெட்டைக் காலியா விட்டு வைங்க.

ரூமுக்குப் போனதும்

துணியை வெளிய எடுத்து அடுக்க வேணாம், கியூபை அப்படியே அலமாரில வச்சு ஜிப்பைத் தொறந்து விடுங்க. கழட்டின துணி எல்லாம் அந்தக் காலி கியூபுக்கு. நாள் ஆக ஆக மஞ்சளும் நீலமும் எளைக்கும், அழுக்குக் கியூப் பெருக்கும். ஊட்டில சாயங்காலத் தூத்தல்ல நனைஞ்ச துணி ராத்திரிக்குள்ள காயாது, அதை மட்டும் கியூப்ல போட்டுடாதீங்க, தனியா ஒரு ரெக்சின் பைல போட்டு வீட்டுக்கு வந்த உடனே வாஷிங் மெஷின்ல தள்ளுங்க. கிளம்பும்போது ஏழு இருக்கான்னு எண்ணுங்க, ஆறுதான் இருக்குன்னா கட்டிலுக்கு அடில பாருங்க, எங்களுக்கு ரெண்டு தடவையும் அங்கதான் கெடைச்சுச்சு.

வந்தப்புறம் கியூபை வெறும் கையால அலசி, நிழல்ல காய வச்சு, பெருசுக்குள்ள சின்னதைப் போட்டு பரண்ல வச்சுடுங்க. ஜிப் எறுக்கமா இருந்தா மெழுகுவர்த்தியை பல்லு மேல ரெண்டு தடவை தேச்சு விடுங்க, வழுக்கிட்டு ஓடும்.