கர்ப்ப காலத்தில் ஃப்ளூ ஊசி: ஒன்று போட்டால் இருவருக்கும் காப்பு

கர்ப்பமாக இருப்பவர்கள் அடுத்த கிளினிக் நாளில் ஃப்ளூ ஊசி பற்றி டொக்டரிடம் நீங்களாகவே கேளுங்கள். எத்தனையாவது மாதமானாலும் போடலாம். கொழும்பில் எல்லா இடத்திலும் எப்போதும் இருப்பு இருக்காது. அதனால் முதலில் போன் பண்ணி, இந்த வருடத்து ஊசி இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போனால், வயிற்றோடு காலி வீதி நெரிசலில் வீணாக அலைய வேண்டாம்.

பிறந்து 6 மாதம் ஆகும்வரை குழந்தைக்கு ஃப்ளூ ஊசி போட முடியாது. அம்மாவின் உடலில் உருவாகும் எதிர்ப்புச் சக்தி நஞ்சுக்கொடி வழியாகப் போய், அந்த மாதங்களில் பிள்ளையைக் காக்கிறது. அது உருவாக 2 வாரம் வரை எடுக்கும், கடைசி வாரத்துக்குத் தள்ள வேண்டாம். பிள்ளையைத் தூக்கப்போகும் அப்பாவும் அம்மம்மாவும் போட்டுக்கொண்டால் இன்னும் நிம்மதி.

மூக்கில் அடிக்கும் தடுப்பு மருந்து கர்ப்பிணிகளுக்கு ஆகாது. முன்பு இந்த ஊசிக்குக் கடும் ஒவ்வாமை வந்தவர்கள் போடக்கூடாது. கடும் காய்ச்சல் என்றால் குணமாகும்வரை பொறுங்கள். அப்புறம், ஊசி போட்டிருந்தாலும் இங்கே காய்ச்சல் வந்தால் டெங்குவாக இருக்கலாம். ஐபுப்ரோஃபென் என்ற வலி மாத்திரை எடுக்காமல் உடனே டொக்டரிடம் போங்கள்.