மோனோரயில் நடுவழியில் நின்றுவிட்டால்

அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் உள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டு கேளிக்கைப் பூங்காவில் 1971 முதல் மோனோரயில், அதாவது உயரத்தில் ஒற்றை உத்தரத்தின் மேல் ஓடும் ரயில், ஓடுகிறது. பழுதாகி அது நடுவழியில் நின்றால் பதற வேண்டாம். பெரும்பாலும் ஒரு இழுவை வண்டி வந்து ரயிலை நிலையத்துக்கு இழுத்துப் போய்விடும். அதுவரை உள்ளே இருப்பதுதான் நல்லது.

கதவை நீங்களாகத் திறக்கவே திறக்காதீர்கள். ரயில் ஓடும் கான்கிரீட் உத்தரத்தின் பக்கவாட்டில் 600 வோல்ட் மின்சாரம் பாயும் உலோகப் பட்டை இருக்கிறது. இறங்கி நடக்க அந்த உயரத்தில் இடமும் கிடையாது.

தீ என்றால் கதையே வேறு. 1985-ல் கடைசிப் பெட்டி பற்றி எரிந்தபோது, பயணிகள் ஜன்னலை உதைத்துத் திறந்து கூரைமேல் ஏறினார்கள். தீயணைப்பு வீரர்கள் வந்து இறக்கினார்கள். அவசர வழிகளும் தீயை உணரும் கருவிகளும் அப்புறம்தான் வந்தன. அதனால் ஏறி உட்கார்ந்ததும் அவசர வழி எங்கே, எப்படித் திறப்பது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். புகை வாசனை வந்தால் உடனே ஓட்டுநருக்குச் சொல்லுங்கள்.

இன்னொன்று: மின்சாரம் போனால் ஏசியும் நின்றுவிடும், பெட்டிக்குள் கழிப்பறையும் இல்லை. குழந்தைகளோடு போகிறவர்கள் ஏறுவதற்கு முன்பே கழிப்பறைக்குப் போய்வந்து, கையில் ஒரு பாட்டில் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள்.