போடிக்கும் வண்டன்மேட்டுக்கும் ஒரே கணக்கு: இஆர்பிநெக்ஸ்ட் நிறுவும் முறை

போடிநாயக்கனூரில் என் மாமாவுக்கு ஏலக்காய் மண்டி இருக்கிறது. மலைக்கு மேலே, கேரளத்தின் வண்டன்மேட்டில் அதன் கொள்முதல் கிளை. இரண்டு கணினிகளில் தனித்தனியாகக் கணக்கு எழுதி மாதக் கடைசியில் பென்டிரைவில் கொண்டுவந்து சேர்க்கும் வழக்கத்தை விட்டுவிட்டு, இப்போது இரு கடைகளும் வாடகைக்கு எடுத்த ஒரே கிளவுட் சர்வரில் கணக்கு எழுதுகின்றன. அந்த ஏற்பாட்டின் படிகளை இங்கே தருகிறேன். எஸ்எஸ்எச் வழியாக உபுண்டு சர்வருக்குள் நுழைவதும் டாக்கர் நிறுவுவதும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

நான் தேர்ந்தெடுத்தது, ஃப்ராப்பே நிறுவனம் உருவாக்கிய, கடைக் கணக்கையும் சரக்கிருப்பையும் எழுதும் கட்டற்ற மென்பொருளான இஆர்பிநெக்ஸ்ட். ஜிபிஎல் 3 உரிமத்தில் கிடைப்பதால் ஆளுக்கு இவ்வளவு என்று கட்டணம் இல்லை. எடை போடுபவருக்கும் கணக்குப்பிள்ளைக்கும் தனித்தனிக் கடவுச்சொல் கொடுத்துவிடலாம். ஒரே கடவுச்சொல்லை நான்கு பேர் பகிர்ந்துகொண்டு, பில்லைத் திருத்தியது யார் என்று பிறகு சண்டையிடும் கடைகளைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

முதலில் சர்வர். 4 ஜிபி நினைவகத்துக்குக் குறைந்தது வேண்டாம். நினைவகம் போதாவிட்டால் மரியாடிபி தரவுத்தளம் பாதி வேலையில் நின்றுவிடும். மாத வாடகையை முன்கூட்டியே நிர்ணயிக்கும் நிறுவனமே எனக்குப் பிடித்தம், ஏனென்றால் பயன்பாட்டுக்கு ஏற்ப ஏறி இறங்கும் பில்லை மாமாவிடம் விளக்க என்னால் ஆகாது. வெளியுலகுக்கு 22, 80, 443 ஆகிய போர்ட்டுகள் மட்டும் திறந்திருந்தால் போதும்.

அடுத்து ஃப்ராப்பே டாக்கர் களஞ்சியத்தை இறக்கிக்கொள்ளுங்கள். அதில் சோதனைக்கென்று வைத்திருக்கும் கோப்பு சில நிமிடங்களில் ஓடத் தொடங்கிவிடும் என்றாலும், அதன் நிர்வாகிக் கடவுச்சொல் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று. அழகு பார்ப்பதற்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

பலரும் இடறி விழுவது இதற்கு அடுத்த படியில்தான். ஜிஎஸ்டிக்கு இந்தியா கம்ப்ளையன்ஸ் என்ற செயலி தேவை. ஓடிக்கொண்டிருக்கும் கன்டெய்னருக்குள் (டாக்கர் மென்பொருளை இயக்கும் தனிப் பெட்டி) நுழைந்து அதை நிறுவினால் எல்லாம் சரியாகவே நடப்பதுபோலத் தோன்றும். பதிப்பைப் புதுப்பிக்கும் நாளில் தளமே திறக்காது. கன்டெய்னர் என்பது வாரச்சந்தைக் கொட்டகை மாதிரி: சரக்கு குடோனில் பத்திரமாக இருக்கும், கொட்டகையைப் பிரித்துப் போடும்போது அதில் ஆணியடித்து மாட்டியதெல்லாம் போய்விடும். கணக்கு விவரங்கள் வால்யூம் என்னும் வெளிச் சேமிப்பிடத்தில் தங்கிவிடுகின்றன, செயலியின் நிரலோ கன்டெய்னரோடு அழிந்துவிடுகிறது. செயலி நிறுவப்பட்டிருப்பதாகத் தரவுத்தளம் சொல்ல, நிரல் அங்கே இல்லாததால்தான் பிழை வருகிறது. ஆகவே, இஆர்பிநெக்ஸ்ட், இந்தியா கம்ப்ளையன்ஸ் இரண்டின் பெயரையும் பதிப்பையும் செயலிகளின் ஜேசன் பட்டியலில் எழுதி, சொந்தமாக ஓர் இமேஜ் (கன்டெய்னரை வார்க்கும் அச்சு) கட்டி, கன்டெய்னர்கள் எல்லாவற்றையும் அந்த இமேஜிலிருந்தே இயக்குங்கள். இரண்டின் முதன்மைப் பதிப்பு எண்ணும் ஒன்றாக இருக்கவேண்டும்.

பிறகு முகவரிகள். இரு மாநிலங்களிலும் கடை இருந்தால் பதிவும் இரண்டு. தமிழ்நாட்டு எண் 33 என்றும் கேரள எண் 32 என்றும் தொடங்கும். நிறுவனம் ஒன்றாகவே இருக்கட்டும். ஒவ்வொரு கடை முகவரியிலும் அதற்குரிய ஜிஎஸ்டி எண்ணைப் பதியுங்கள். போடியிலிருந்து தேனி வியாபாரிக்கு எட்டு எம்.எம். போல்டு ரக ஏலக்காய் விற்றால் 2.5 சதவீதம் மத்திய வரியும் 2.5 சதவீதம் மாநில வரியும் விழும். அதே சரக்கு கேரளத்தின் குமுளி வியாபாரிக்குப் போனால் 5 சதவீத ஒருங்கிணைந்த வரி விழும். வண்டன்மேட்டிலிருந்து போடிக்கு நம் சரக்கையே இறக்கினாலும், பதிவுகள் வேறு என்பதால், அதுவும் வரிக்குரிய வழங்கல்தான். மூன்றுக்கும் மாதிரிப் பில் போட்டுப் பார்த்துவிட்டு உண்மையான கணக்கைத் தொடங்குங்கள்.

கடைசியாக பேக்கப். தரவுத்தளத்தை மட்டும் எடுத்தால் ஸ்கேன் செய்து இணைத்த ரசீதுகள் வராது. கோப்புகளையும் சேர்த்தெடுக்கும்படி கட்டளையிடுங்கள். தள அமைப்புக் கோப்பில் உள்ள மறையாக்கச் சாவியையும் தனியே வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால் மீட்டெடுத்த தளத்தில், சேமித்து வைத்த மின்னஞ்சல் கடவுச்சொற்களைப் படிக்க முடியாது. சர்வரின் கடிகாரம் பெரும்பாலும் யுடிசி என்னும் உலகப் பொது நேரத்தில் ஓடுவதால், இரவு 11 மணிக்கு என்று குறித்தால் இங்கே விடியற்காலை 4.30க்குத்தான் பேக்கப் ஓடும். ஒரு பிரதி தினமும் கடைக் கணினிக்கு இறங்கவேண்டும் என்பதில் நான் பிடிவாதக்காரன். சர்வர்க்காரர் வாடகையை உயர்த்தினால் அந்தப் பிரதியை வைத்து வேறிடத்தில் கடை திறந்துவிடலாம். கட்டற்ற மென்பொருளை வாடகைச் சர்வரில் வைப்பதன் பலமே அதுதான்.

பின்னர் சேர்த்தது: எல்லாம் இலவசம் என்றால் இ-வே பில்லுக்கு (சரக்கு அனுப்ப அரசுத் தளத்தில் எடுக்கும் மின்னணுச் சீட்டு) ஏன் பணம் கேட்கிறது என்று கம்பத்திலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். செயலி இலவசம், அரசுத் தளத்தோடு அதை நேரடியாக இணைக்கும் ஏபிஐ சேவைக்கு மட்டும் கட்டணம் உண்டு. மாநில எல்லை தாண்டும் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குகள் உங்களுக்குக் குறைவு என்றால், பில்லிலிருந்து ஜேசன் கோப்பை இறக்கி இ-வே பில் தளத்தில் நீங்களே ஏற்றிக்கொள்ளலாம். நாங்கள் இன்றும் அப்படித்தான் செய்கிறோம்.