அம்பத்தூரில் ஷெட் எடுக்கும் முன்

வாடகை குறைவு என்று மட்டும் பார்த்து ஷெட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். சென்னையில் அம்பத்தூரோ, கிண்டியோ, திருமுடிவாக்கமோ, சிறு பட்டறையை முடக்குபவை பெரும்பாலும் மின்சாரம், வெள்ளம், வந்து சேராத பணம் இந்த மூன்றும்தான்.

முதலில் ஈபி கார்டை வாங்கிப் பாருங்கள். இணைப்பு எந்த டாரிஃபில் (கட்டணப் பிரிவில்) இருக்கிறது? உற்பத்திக்குப் பொதுவாகத் தொழிற்சாலைகளுக்கான மூன்று-பி வேண்டும். முன்பு கடையோ குடோனோ இருந்த இடமென்றால் வணிக டாரிஃபிலேயே கிடக்கும், யூனிட் விலை கூடுதல். பிறகு லோடு, அதாவது இணைப்புக்கு அனுமதித்த மின்சுமை. எல்லா மோட்டார்களின் ஹெச்பியையும் கூட்டி 0.746 ஆல் பெருக்கினால் கிலோவாட் வரும். 7.5 ஹெச்பி கம்ப்ரஸர் ஒன்றுக்கே சுமார் 5.6 கிலோவாட். அனுமதித்த லோடைத் தாண்டினால் அபராதம். தேவைக்கு மேல் வாங்கிப் போட்டாலோ, மெஷின் ஓடாத மாதத்திலும் நிலைக்கட்டணம் கட்டியாக வேண்டும். லோடு கூட்ட உரிமையாளர் கையெழுத்து தேவைப்படும். அதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். அரசின் சிறுதொழில் வளர்ச்சிக் கழகமான சிட்கோவின் இடமானால் வாடகைக்கு விட அவருக்கு அனுமதி உண்டா என்று காகிதத்தில் காட்டச் சொல்லுங்கள். மெஷின் கடன் ஐந்து வருடம் ஓடும்போது 11 மாத ஒப்பந்தம் எந்த வகையிலும் பாதுகாப்பு ஆகாது.

2015 டிசம்பரில் அடையாறு பெருகி ஈக்காட்டுத்தாங்கல், கிண்டிப் பட்டறைகளுக்குள் புகுந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் அம்பத்தூர் எஸ்டேட் மூழ்கியது. அந்த இரண்டு வருடமும் தண்ணீர் எதுவரை நின்றது என்று பக்கத்து ஷெட்டிலும் டீக்கடையிலும் கேளுங்கள், சுவரில் கறையும் இருக்கும். பேனல் போர்டின் அடிப்பகுதி அதற்கு ஓரடி மேலேயாவது இருக்கட்டும். மெஷின் பவுண்டேஷனை உயர்த்துவதானால் மெஷின் இறங்குவதற்கு முன்பே உயர்த்த வேண்டும், பிறகு முடியாது. காப்பீட்டில் புயல், வெள்ளம் சேர்ந்திருக்கிறதா என்று வரி வரியாகப் படியுங்கள். மதிப்பைப் பாதியாகக் காட்டி பிரீமியத்தை மிச்சம் பிடித்தால், இழப்பீடும் அதே விகிதத்தில் குறையும்.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மாசின் அளவை வைத்துத் தொழில்களை நிறங்களாகப் பிரிக்கிறது. அதில் உங்கள் தொழில் எந்த நிறப்பிரிவு என்று முன்பே தெரிந்துகொள்ளுங்கள். எலக்ட்ரோபிளேட்டிங் (மின்முலாம் பூசுதல்) அதிக மாசுள்ள சிவப்புப் பிரிவு. பட்டறையைக் கட்டுவதற்கு ஓர் இசைவாணை, ஓட்டுவதற்கு இன்னொன்று. வெள்ளைப் பிரிவுக்கு இந்தச் சுமை இல்லை.

10 பேர் ஆனதும் இஎஸ்ஐ (உங்கள் பங்கு 3.25%, தொழிலாளி பங்கு 0.75%), 20 பேர் ஆனதும் பிஎஃப். பீகார், ஒடிசா தொழிலாளர்கள் பண்டிகைக்கு ஊருக்குப் போவார்கள். அதை முன்பே கணக்கில் வைத்து டெலிவரி தேதி கொடுங்கள்.

பணம் விஷயத்தில்தான் பலர் அசட்டையாக இருக்கிறார்கள். சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இலவசம், முதல் பில் போடும் முன் எடுத்து, எண்ணை ஒவ்வொரு பில்லிலும் அச்சிடுங்கள். குறு, சிறு தொழில்களுக்கான 2006 ஆம் ஆண்டுச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் சரக்கு வாங்கியவர் பணத்தை 45 நாளுக்கு மேல் தள்ளக்கூடாது, ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். மீறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு கூட்டுவட்டி. சரக்கில் குறை என்றால் அவர் 15 நாளுக்குள் எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் டெலிவரி நாளிலிருந்தே கெடு ஓடத் தொடங்கிவிடும். எனவே டெலிவரி சலானில் தேதியோடு கையெழுத்து வாங்காமல் வண்டியைத் திருப்பக்கூடாது என்று டிரைவரிடம் சொல்லி அனுப்புங்கள். பணம் வராத புகார்களை விசாரிக்கும் வசதியாக்கக் குழுமத்தில் முறையிடும்போது உங்கள் கையில் இருக்க வேண்டியவை பர்சேஸ் ஆர்டர், பில், அந்தச் சலான்.