லோடர் பக்கெட்டுக்கு வீட்டிலேயே ஃபோர்க் செய்கிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

சின்ன டிராக்டரின் முன்னால் மண் அள்ளும் லோடர் பக்கெட்டில் மாட்டி, சரக்கைத் தூக்கும் ஃபோர்க்கை வீட்டிலேயே செய்யலாமா என்றால், தாராளமாகச் செய்யலாம். இரண்டு இரும்புக் கைகள், பக்கெட்டின் முன்விளிம்பைக் கவ்விப் பிடிக்க இரண்டு கிளாம்ப், அடிப்படையில் இவ்வளவுதான். செய்பவர்களின் கவலையெல்லாம் ஃபோர்க் வளைந்துவிடுமோ என்பதில்தான் இருக்கும். அதனால் கனத்த இரும்பாகத் தேடிப் பிடிப்பார்கள். ஃபோர்க் கெட்டியாக நிற்கும், பக்கெட் வளையும். அதுவும் தாங்கிவிட்டால் டிராக்டரின் பின்பக்கம் தூக்கும்.

முதல் தவறு, லோடரின் தூக்குதிறனை அப்படியே நம்புவது. அந்த எண் பெரும்பாலும் பக்கெட்டை லோடர் கையோடு இணைக்கும் இரும்பு முளை, அதாவது பின் (pin), இருக்கும் இடத்துக்குச் சொல்லப்படுவது. ஃபோர்க் மாட்டியதும் பாரம் அதைத் தாண்டி வெகுதூரம் முன்னால் போய்விடும். ஓர் உதாரணம் பார்ப்போம். லோடர் கை சுழலும் இடத்திலிருந்து பக்கெட் பின் வரை 2 மீட்டர், அந்தப் பின் இருக்கும் இடத்தில் தூக்குதிறன் 400 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். பாரத்தின் நடுப்பகுதி பின்னுக்கு 1 மீட்டர் முன்னால் இருந்தால், தூக்க முடிவது ஏறத்தாழ 267 கிலோ. இதில் ஃபோர்க்கின் எடையையும் கழிக்க வேண்டும். 60 கிலோ ஃபோர்க் என்றால் கையில் மிஞ்சுவது சுமார் 200 கிலோதான். கனமான இரும்பு போடப் போட, தூக்கும் சரக்கு குறைந்துகொண்டே வரும். ஆகவே இரும்பின் தடிமனைக் கூட்டாமல் உயரத்தைக் கூட்டுங்கள். ஒரே அகலமுள்ள பட்டையின் உயரத்தை இரட்டிப்பாக்கினால் வளைவைத் தாங்கும் வலு நான்கு மடங்காகும். பாக்ஸ் பைப் இன்னும் நல்லது, முறுக்கையும் தாங்கும்.

அடுத்தது பக்கெட். மண்ணையும் எருவையும் அள்ளும்போது பாரம் முழு அகலத்திலும் பரவியிருக்கும். ஃபோர்க்கோ மொத்த பாரத்தையும் விளிம்பில் இரண்டே இடத்தில் கொண்டுபோய் வைக்கும். சின்ன டிராக்டர் பக்கெட்டின் தரைத் தகடு அதற்குத் தோதானது இல்லை. ஃபோர்க்கின் பின்பகுதி பக்கெட் தரையில் நன்றாக உள்ளே நீண்டு, முடிந்தால் பின்சுவர் வரை போய்ப் படிய வேண்டும். இரண்டு கைகளையும் ஒரு குறுக்குக் குழாயால் இணைத்தால் பக்கவாட்டில் நகராது, பாரமும் பகிர்ந்துகொள்ளப்படும். கைகளை விளிம்பின் நடுவில் வைக்காமல், பக்கச் சுவர்களை நோக்கித் தள்ளியே வையுங்கள்.

வெல்டிங்கில் வரும் தவறுகள்தான் எனக்கு அதிகம் கவலை தருபவை, ஏனென்றால் அவை உடனே தெரியாது. வெல்டிங் மெஷினின் எர்த் கிளாம்ப்பை டிராக்டர் சேஸிஸில் மாட்டிவிட்டு பக்கெட்டில் வெல்டிங் வைத்தால், மின்சாரம் மூட்டுகளில் இருக்கும் பின், அதைச் சுற்றிய புஷ் வளையம், ஹைட்ராலிக் சிலிண்டர் ராடு வழியாகத்தான் திரும்பும். அங்கங்கே பொறி அடித்துச் சின்னக் குழிகள் விழும். அப்புறம் அந்தக் குழி, சிலிண்டருக்குள் எண்ணெயைத் தடுத்து வைக்கும் சீலை (seal) கிழிக்க, எண்ணெய் கசியும். பக்கெட்டைக் கழற்றி வைத்து வெல்டிங் வைப்பதே நல்லது. முடியாவிட்டால் பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, எர்த்தை வெல்டிங் வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள்.

பக்கெட்டின் முன்விளிம்பில் இருக்கும் வெட்டும் பிளேடு பெரும்பாலும் கடினமான எஃகு. சூடாக்காமல் சாதாரண ராடால் அதன்மேல் வெல்டிங் வைத்தால், வெல்டிங் பிடித்தது போலவே இருக்கும். சில நாளில் அதன் ஓரத்தை ஒட்டித் தலைமுடி அகலத்தில் ஒரு துருக்கோடு தெரியும், அது விரிசல். முன்கூட்டியே சூடேற்றி, ஈரமில்லாத 7018 ராடு (ஹைட்ரஜன் குறைவான வெல்டிங் ராடு) போட்டு, மெதுவாக ஆறவிட வேண்டும். இதெல்லாம் பழக்கமில்லை என்றால் பிளேடைத் தொடாமல் கிளாம்ப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். லாரி ஸ்பிரிங் பட்டையும் கட்டுமானக் கம்பியும் மீந்து கிடக்கிறதே என்று பாரம் தாங்கும் இடத்தில் வைத்து வெல்டிங் செய்வதும் இதே ஆபத்துதான். துத்தநாகம் பூசிய குழாயாக இருந்தால் பூச்சை நன்றாகத் தேய்த்து எடுத்துவிட்டுத் தொடங்குங்கள். அந்தப் புகை காய்ச்சலைக் கொண்டுவரும்.

சங்கிலி மாட்டக் கொக்கி வைப்பவர்கள், பக்கெட் மேல்விளிம்பின் மெல்லிய தகட்டில் நேரடியாக வைக்காமல் கீழே ஒரு கனத்த பிளேட் கொடுத்து அதன்மேல் வையுங்கள்.

பின்பக்க எடையைப் பலரும் கடைசியில்தான் நினைக்கிறார்கள். முன்னால் பாரம் ஏறும்போது பின்சக்கரம் லேசாகிவிடும். பல சின்ன டிராக்டர்களில் பிரேக் இருப்பது பின்சக்கரத்தில் மட்டுமே. சரிவில் இறங்கும்போது பின்சக்கரம் தரையை விட்டால் பிரேக்கும் போய்விட்டது என்றே அர்த்தம். டிராக்டரின் பின்னால் கருவி மாட்டும் மூன்று புள்ளி இணைப்பில் எடைப்பெட்டியோ கனமான கருவியோ இல்லாமல் ஃபோர்க்கைத் தொடவே வேண்டாம். நான்கு சக்கர இயக்கம் இருந்தால் அதையும் போட்டுக்கொள்ளுங்கள்.

உருண்டை வைக்கோல் கட்டு போன்றவற்றை உயரத் தூக்கும்போது இன்னொன்று. லோடர் கை மேலே போகப் போக, பல லோடர்களில் பக்கெட் தானாகவே பின்னால் சாயும். கட்டு அந்த லோடர் கைகளின் மேல் உருண்டு நேராக ஓட்டுபவர்மீது விழலாம். பாரத்தைத் தாழ்வாகவே வைத்து ஓட்டுங்கள், டிராக்டர் கவிழ்ந்தால் காக்கும் பாதுகாப்புச் சட்டம் (ROPS) இருந்தால் பெல்ட் போட்டுக்கொள்ளுங்கள். ஃபோர்க்கில் ஆளை ஏற்றித் தூக்கவே கூடாது.

முதல் முறை பாரம் ஏற்றும் முன் பக்கெட் விளிம்பின் இரு முனைக்கும் ஒரு நூலை இழுத்துக் கட்டி, நேராக இருக்கிறதா என்று பாருங்கள். பாதி பாரத்தைத் தரையிலிருந்து ஒரு சாண் மட்டும் தூக்கி இறக்கிவிட்டு மறுபடி நூலைப் பிடியுங்கள். நூலுக்கும் விளிம்புக்கும் நடுவில் புதிதாக இடைவெளி தெரிந்தால் ஃபோர்க்கைக் கழற்றிவிட்டு, தாங்குமிடத்தை அகலப்படுத்துங்கள். கிளாம்ப் போல்ட்டுகள் அதிர்வில் தளரும். அன்றைய வேலை முடிவதற்குள் ஒரு தடவையாவது ஸ்பானர் போட்டு இறுக்குங்கள்.