முதலில் லேபிள், அப்புறம்தான் பூச்சி

மதுரையில் ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையில் முப்பத்தோரு வருடம் லேப் அட்டெண்டராக இருந்தேன். ஓய்வு பெற்ற பிறகும் விட்டபாடில்லை. பழைய பூச்சிப் பெட்டிகளைப் படமெடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும் என்று திரும்பக் கூப்பிட்டுவிட்டார்கள். எந்தப் பெட்டி எந்தப் பீரோவில் கிடக்கிறது என்று எனக்குத்தானே தெரியும். இப்போது மற்ற கல்லூரிக்காரர்களும் போன் செய்கிறார்கள். எடுத்த எடுப்பில் "என்ன கேமராண்ணே வாங்கணும்?" என்பார்கள். கேமரா மெதுவாக வரட்டும். முதலில் முனை மெல்லிய ஒரு சாமணம் வாங்குங்கள்.

ஊசியில் குத்திய பூச்சிக்குக் கீழே நகக்கண் அளவில் ஒரு சீட்டு இருக்கும். எங்கே, என்றைக்கு, யார் பிடித்தது என்று அதில் எழுதியிருக்கும். அந்தச் சீட்டு போய்விட்டால் பொன்வண்டு வெறும் அலங்காரப் பொருள்தான். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஆரம்பத்தில், சீக்கிரம் முடிக்கலாமே என்று ஒரு பெட்டியின் 38 வண்டுகளுக்கும் சீட்டை உருவி மேசையில் வரிசையாகப் பரப்பினேன். மே மாதம். உதவிக்கு வந்த பையன் "புழுங்குதுண்ணே" என்று சொல்லிக்கொண்டே ஃபேனைப் போட்டுவிட்டான். அவனைத் திட்டிப் பிரயோசனம் இல்லை, பரப்பி வைத்தது நான்.

அதனால் எங்கள் அறையில் ஒரே சட்டம்: ஒரு நேரத்தில் ஒரு பூச்சி. சீட்டை உருவி, பூச்சிக்குப் பக்கத்திலேயே ஒரு அட்டையில் குத்தி, இரண்டையும் சேர்த்து ஒரு படம். பின்பக்கமும் எழுதியிருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். பிறகு பூச்சியைத் தனியாக எடுத்து முடித்து, சீட்டை அதே ஓட்டையில் ஏற்றிவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும்.

பெட்டியைத் திறந்ததும் பூச்சிக்கு அடியில் பழுப்புத் தூள் கொட்டிக் கிடந்தால் படமெடுக்க உட்காராதீர்கள். உலர்ந்த பூச்சியைத் தின்னும் குட்டி வண்டின் புழு உள்ளே இருக்கிறது. பெட்டியைப் பாலிதீனில் காற்றுப் புகாமல் சுற்றி, மைனஸ் 20 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் அவசரப்பட்டுப் பிரிக்கக் கூடாது. ஒரு நாள் அப்படியே கிடந்து அறைச்சூட்டுக்கு வரட்டும், இல்லாவிட்டால் றெக்கையெல்லாம் வியர்த்துவிடும். அந்துருண்டை போட்டுப் பழகியவர்களுக்கு ஒன்று: பெட்டியின் அடியில் தெர்மோகோல் இருந்தால் அந்த ஆவியில் அது இளகிக் குழிவிழும், ஊசி சாயும்.

சீட்டில் உள்ளதைத் தட்டச்சு செய்வதுதான் உண்மையில் பெரிய வேலை. இரண்டு கட்டம் வையுங்கள். ஒன்றில் எழுதியிருப்பது எழுத்துப் பிசகாமல், பிழை இருந்தால் பிழையோடு. அடுத்ததில் நீங்கள் புரிந்துகொண்டது. எங்கள் பெட்டிகளில் பாதிச் சீட்டில் 'சிறுமலை, மதுரை ஜில்லா' என்றிருக்கும். 1985-இல் திண்டுக்கல் தனி மாவட்டமானதும் சிறுமலை அங்கே போய்விட்டது. கொடைக்கானலும் அப்படியே. கம்பம், போடி பிற்பாடு தேனி மாவட்டத்துக்குப் போனது. சீட்டைத் திருத்தி எழுதினால் பழைய ஆவணம் கெடும், திருத்தாமல் விட்டால் தேடுகிறவனுக்குக் கிடைக்காது. அதற்குத்தான் இரண்டு கட்டம்.

தேதியிலும் இதே தொல்லை. 3.4.72 என்றிருந்தால் ஏப்ரல் 3-ஆ, மார்ச் 4-ஆ? ஒரே ஆள் எழுதிய பத்துச் சீட்டைப் பார்த்தால், 17, 25 மாதிரி எண் எந்த இடத்தில் வருகிறது என்பதிலிருந்து அவர் பழக்கம் தெரிந்துவிடும். எக்செல்லில் நாள், மாதம், வருடத்தை மூன்று கட்டமாகப் பிரித்துவிடுங்கள். தேதி என்று தெரிந்தால் அது தன் இஷ்டத்துக்கு மாற்றி வைக்கும். கட்டங்களுக்குத் தலைப்பு வைக்கும்போது, உயிரினப் பதிவுகளுக்கு உலகமெங்கும் ஒரே மாதிரி தலைப்பு வைக்கும் 'டார்வின் கோர்' முறையைப் பின்பற்றினால், நாளைக்கு ஜிபிஐஎஃப் மாதிரி உயிரினப் பதிவுகளைச் சேர்க்கும் உலகப் பொதுத் தளத்தில் ஏற்றும்போது மறுபடி உட்கார வேண்டியதில்லை.

இப்போது கேமராவுக்கு வரலாம். செகண்ட்ஹேண்ட் டிஎஸ்எல்ஆர் போதும். காசைப் போடுவதானால் சின்னப் பொருளைக் கிட்டப்போய் எடுக்கும் 100 மி.மீ. மேக்ரோ லென்ஸில் போடுங்கள். பூச்சி இருக்கிற அளவுக்கே கேமராவின் சென்சாரில் படம் விழும்படி நெருங்கினால், ஒரு தடவையில் அரை மில்லிமீட்டர் கனம்தான் தெளிவாக வரும். முதுகு தெரிந்தால் கால் மங்கும். லென்ஸின் துளையைச் சுருக்கிச் சமாளிக்கலாம் என்று எஃப்-16, எஃப்-22 போகாதீர்கள், படம் முழுக்கவே மழுங்கிவிடும். எஃப்-5.6-க்கும் எஃப்-8-க்கும் நடுவில் வைத்து, கேமராவைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பல படம் எடுத்து, கம்ப்யூட்டரில் தெளிவான பகுதிகளை ஒரே படமாக அடுக்குவதுதான் வழி.

நகர்த்தும் தண்டவாளம் கடையில் விலை கேட்டோம், தலை சுற்றியது. லேத் பட்டறை அண்ணன் ஒருவர் எம்-6 திருகு வைத்துச் செய்து கொடுத்தார். எம்-6 ஒரு முழுச் சுற்றுக்குச் சரியாக 1 மி.மீ. போகும். திருகின் தலையில் பள்ளிக்கூட ஜாமெட்ரி பாக்ஸ் கோணமானியை ஒட்டி, ஒரு படத்துக்கு 120 டிகிரி திருப்புகிறோம். 10 மி.மீ. உயரமுள்ள சாணிவண்டுக்கு முப்பத்துச் சொச்சம் படம். இரண்டு விநாடி டைமர் போட்டுக் கையை எடுத்துவிடுங்கள். எங்கள் கட்டடம் பஸ் போகிற ரோட்டோரம், ஒவ்வொரு பஸ்ஸுக்கும் மேசை அதிரும். அதனால் பெரிய படங்களை விடிகாலை ஐந்து மணிக்கு வைத்துக்கொள்கிறோம். கரண்ட் ஏறி இறங்கினால் அடுக்கில் வெளிச்சம் மாறிவிடும், விளக்கை யூபிஎஸ்ஸில் மாட்டுங்கள்.

வெளிச்சத்தில்தான் பொன்வண்டு நம்மை அழ வைக்கும். கண்ணாடி மாதிரி முதுகு. பல்பு போட்டால் பல்புதான் படத்தில் தெரியும். இதற்கு வெள்ளைத் தயிர் டப்பா போதும். அடியை வெட்டிவிட்டு வண்டின் மேல் கவிழ்த்து, வெட்டிய வழியாக லென்ஸ் பார்க்கட்டும், விளக்குகள் டப்பாவுக்கு வெளியே நிற்கட்டும். பச்சை முதுகு முழுக்க ஒரே மாதிரி வெளிச்சம் இறங்கும். நன்றாகக் கழுவிவிட்டு வையுங்கள், எறும்பு வந்த கதை எங்களுக்கு உண்டு. பின்னணி சாம்பல் நிறம். அளவுகோல் பூச்சி இருக்கும் அதே உயரத்தில் நிற்க வேண்டும், கீழே கிடந்தால் அளவு தப்பாகும்.

படங்களை அடுக்குவதற்கு ஜெரீன் ஸ்டேக்கர், ஹெலிகான் ஃபோகஸ் என்ற இரண்டு மென்பொருளுமே நல்லது. ஜெரீனில் 'பிமேக்ஸ்' முறை முடி, ஒன்றன்மேல் ஒன்று போகும் கால் இவற்றுக்கு. 'டிமேப்' நிறத்தைக் கெடுக்காது, றெக்கைக்கு அதுதான். ஃபைல் பெயரில் பூச்சியின் பெயரை எழுதாதீர்கள். இனப்பெயரை நிபுணர்கள் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். பதிவு எண்ணை மட்டும் போட்டு, அதே எண்ணைச் சின்னச் சீட்டில் அச்சடித்துப் பழைய சீட்டுக்குக் கீழே ஊசியில் ஏற்றுங்கள். இரண்டு ஹார்ட் டிஸ்க், ஒன்று வேறு கட்டடத்தில்.

பறந்த 38 சீட்டுகளைக் கேட்பீர்கள். துருப்பிடித்த ஊசி சீட்டில் பழுப்பு வட்டம் விட்டிருக்கும். அதையும் ஓட்டையின் அளவையும் வைத்து, சார் ஒருவரின் பழைய நோட்டோடு ஒத்துப் பார்த்து 29-ஐச் சேர்த்துவிட்டோம். மீதி ஒன்பது வண்டு தனிப் பெட்டியில், ஒன்பது சீட்டு ஒரு கவரில். படம் இருக்கிறது, இடமும் தேதியும் காலிக் கட்டம். அந்த அறை ஃபேனின் ரெகுலேட்டர் குமிழைக் கழற்றி நான் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். பெட்டியை மூடிய பிறகுதான் வெளியே எடுப்பேன்.